மழைக்கு அடுத்த நாள்தான் முக்கியம்

கேள்வி:

வணக்கம் சார். சேர்த்து வைத்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி நானும் என் கணவரும் வீடு கட்டி வருகிறோம். ஒப்பந்ததாரர் இருக்கிறார், ஆனால் தினமும் போய்ப் பார்ப்பது நான்தான். தரைத்தளச் சுவர் முடிந்து, மேல்தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடித்து, கம்பியும் கட்டியாகிவிட்டது. அதற்கு மறுநாள் பிடித்த மழை மூன்று வாரமாக விட்டு விட்டுப் பெய்கிறது. கம்பியெல்லாம் துருப்பிடித்துச் சிவந்து கிடக்கிறது. சிமெண்ட் மூட்டைகளை வாங்கி அடுக்கியாயிற்று. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய குழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. "தூறலில் போட்டால் என்னம்மா, கான்கிரீட்டுக்கு மழை நல்லதுதானே" என்கிறார் கொத்தனார். என் கணவரும் போட்டுவிடலாம் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். வீட்டில் தினமும் இதே சண்டை. வேலை நடக்காத நாட்களுக்கும் கூலி வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரித்தால் ஒரு வாரம் மிச்சமாகும் என்றும் சொல்கிறார்கள். இழந்த நாட்களை எப்படி ஈடுகட்டுவது?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மழையில் போன நாட்களை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அவை போய்விட்டன. மழைக்காலத்தில் கட்டிய வீடுகளில் பின்னால் வரும் விரிசலையும் ஒழுகலையும் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் மழை காரணமாக இருக்காது. மழை விட்டதும் எல்லோரும் சேர்ந்து ஓடிய ஓட்டம்தான் காரணமாக இருக்கும்.

ஆனால் நீங்கள் காப்பாற்றக்கூடிய நாட்களும் இருக்கின்றன. மூன்று வாரமாக விட்டு விட்டுப் பெய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வாரத்தில் வேலையே செய்ய முடியாதபடி மழை கொட்டிய நாட்கள் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எல்லா நாளும் அப்படி இருந்திருக்காது. மீதி நாட்கள் எப்படிப் போயின? லாரி உள்ளே வர முடியாத சேறு, ஊருக்குப் போன ஆட்கள், வேறு வேலைக்குப் போய்விட்ட கொத்தனார், வாடகைக்குக் கொடுத்த கலவை இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்ட உரிமையாளர். நான் பார்த்த வரையில் மழைத் தாமதத்தில் பெரிய பங்கு மழை நின்ற பிறகு ஏற்படுவதுதான். மழையை நிறுத்த நம்மால் முடியாது. மழை நின்ற மறுநாள் காலை வேலை தொடங்கும்படி பார்த்துக்கொள்ள முடியும்.

இனி கொத்தனார் சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னது பாதி சரி, அந்தப் பாதியால்தான் ஆபத்தும். இறுகிய கான்கிரீட்டுக்கு மழை நல்லதுதான். இறுகாத கான்கிரீட்டுக்குக் கெடுதல். சாதாரண சிமெண்ட் தண்ணீர் பட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் இறுகத் தொடங்க வேண்டும், 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது அதன் தர அளவு. நடைமுறையில் மேற்பரப்பு மழையைத் தாங்கும் நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும், குளிர்ந்த மேகமூட்டமான நாளில் இன்னும் கூடும். அதற்குள் பலத்த மழை அடித்தால் மேலே இருக்கும் சிமெண்ட் பால் கழுவிப் போய் ஜல்லி தெரிய ஆரம்பிக்கும். கழுவிப் போகாவிட்டாலும் மேல் அடுக்கில் தண்ணீர் கூடிப் பலம் குறையும். பிறகு தேய்த்தால் தூளாக உதிரும் பரப்பு அப்படி உருவானதுதான்.

ஆக, போடும்போதும் போட்ட முதல் சில மணி நேரத்திலும் மழை வேண்டாம். மறுநாள் பெய்தால் சந்தோஷமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். மெல்லிய தூறல் என்றால் தார்பாயை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் தூறல் தூறலாகவே இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. 100 சதுர மீட்டர் தளத்தின் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 லிட்டர் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை யாராவது குழாய் வைத்துப் புது கான்கிரீட்டில் விட்டால் உங்கள் கொத்தனாரே சண்டைக்குப் போவார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தண்ணீர் மணலில் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக் கலக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த மூட்டைக்குச் சேரும் மணல் சுமார் 80 கிலோ. மூன்று வாரம் நனைந்த மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தாலே 4 லிட்டர் தண்ணீர் அதிலேயே வந்துவிடுகிறது. வழக்கமான 25 லிட்டரையும் ஊற்றினால் கலவை நீர்த்து, வலிமை கணிசமாகக் குறையும். இதோடு நிற்காது. ஈர மணல் உப்பும். 20, 30 சதவீதம் வரைகூடப் பெட்டி அளவில் கூடுதலாகத் தெரியும். அதாவது பெட்டியால் அளந்து போட்டால் மணல் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் போகும். அதனால் மணல் குவியலை இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அடித் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். போடும் நாளில் மணலின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீரைக் குறைக்கும் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே கேளுங்கள். "பார்த்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் விடாதீர்கள். ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட் என்றால் இந்தக் கவலை குறைவு. ஆனால் அங்கே வேறு கவலை உண்டு. கலந்ததிலிருந்து ஒன்றரை, 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். சேற்றில் லாரி மாட்டிக்கொண்டால் கெட்டியாகும் கலவையில் தண்ணீர் ஊற்றி இளக்கப் பார்ப்பார்கள். அதை அனுமதிக்காதீர்கள்.

கம்பித் துருவைப் பற்றி நீங்கள் பயந்த அளவுக்குப் பயம் தேவையில்லை. மூன்று வார மழையில் வரும் செம்பழுப்பு நிறம் மேலோட்டமான துரு. அது கான்கிரீட் பிடிமானத்தைக் கெடுக்காது. கையால் அழுத்தித் தேய்க்கும்போது நிறம் மட்டும் ஒட்டினால் விட்டுவிடலாம். செதில் செதிலாக உரிந்து விழுந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு கம்பி மெலிந்தோ குழி விழுந்தோ தெரிந்தால் பொறியாளர் பார்த்து முடிவு செய்யட்டும். துருவைவிட நான் கவலைப்படுவது கம்பியின் மேல் ஒட்டியிருக்கும் சேற்றைப் பற்றி. மழையில் ஆட்கள் சேற்றுக் காலோடு மேலே ஏறி நடந்திருப்பார்கள். காய்ந்த மண் படலம் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருந்தால் பிடிமானம் போய்விடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மாடிக்காகவும் தூண்களுக்காகவும் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள் இன்னும் பல மாதம் வெளியில் நிற்கப்போகின்றன என்றால் அவற்றுக்கு மட்டும் சிமெண்ட் பால் பூசி வைக்கலாம்.

உண்மையில் உங்கள் தளத்தில் இப்போது மிக முக்கியமாகப் பார்க்க வேண்டியது கம்பியும் இல்லை, சிமெண்டும் இல்லை. சென்ட்ரிங்கின் கால்கள். முட்டுகள் மண் தரையில் நிற்கின்றன அல்லவா? கம்பி கட்டிய அன்று அந்த மண் கெட்டியாக இருந்தது. மூன்று வாரத் தண்ணீர் உள்ளே இறங்கிய பிறகு அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது. 125 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ எடை. அதற்கு மேல் ஆட்கள், பாண்டு, அதிர்வுக் கருவி. இளகிய மண்ணில் ஒரு முட்டு அரை அங்குலம் இறங்கினாலும் போதும், தளம் தொய்ந்துவிடும். மோசமான சமயத்தில் சென்ட்ரிங்கே சரிந்து ஆளைக் கொல்லும். ஒவ்வொரு முட்டின் அடியிலும் அகலமான பலகை இருக்கிறதா, முட்டு நேராக நிற்கிறதா, ஆப்பு தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். இளகியிருக்கும் இடத்தில் சேற்றை எடுத்துவிட்டு, ஜல்லியோ உடைகல்லோ இட்டு இடித்துக் கெட்டியாக்கி, அதன் மேல் பலகை வைத்து மறுபடி முட்டுக் கொடுக்க வேண்டும். மட்டத்தை முழுமையாகத் திரும்பப் பார்க்க வேண்டும். இது ஒரு நாள் வேலை. மழை நின்ற பிறகு செய்யக் காத்திருக்காதீர்கள், மழை பெய்யும்போதே செய்யக்கூடியது இது. கூரைக்கு அடியில்தானே வேலை!

மேல்பக்கமும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒட்டுப்பலகை ஊறி உப்பியிருந்தால் இணைப்புகளில் இடைவெளி விழுந்திருக்கும். அதன் வழியே சிமெண்ட் பால் ஒழுகிவிடும். பலகையில் தடவிய எண்ணெய் கழுவிப் போயிருக்கும். பீம் அடியில் தண்ணீர் தேங்கி, இலை, கட்டுக்கம்பித் துண்டு, மண் எல்லாம் படிந்திருக்கும். அடியில் ஒரு பலகையைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி அடைப்பதுதான் வழி. கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்த அடியில் வைத்த சிறு கட்டைகள், அதாவது கவர் பிளாக்குகள், ஆட்கள் நடந்ததில் நழுவியிருக்கும். மின்சாரக் குழாய்களின் வாய் திறந்திருந்தால் உள்ளே சேறு போயிருக்கும். கான்கிரீட் போட்ட பிறகு அதை எடுப்பது பெரும்பாடு, இப்போதே ஊதிப் பார்த்து அடைத்து வையுங்கள்.

சிமெண்ட் மூட்டைகளுக்கு வருகிறேன். தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்த பலகை மேல், சுவரிலிருந்து 2 அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் அடுக்காமல், பிளாஸ்டிக் ஷீட் சுற்றி மூடி வைத்திருக்க வேண்டும். நேரடியாக மழை படாவிட்டாலும் காற்றின் ஈரமே போதும், மெல்ல மெல்ல இறுகும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். விரலால் அழுத்தினால் பொடியாகும் கட்டி என்றால் நெருக்கி அடுக்கியதால் வந்தது. அழுத்தினாலும் உடையாத கட்டி என்றால் அந்த மூட்டை தளத்துக்கு வேண்டாம். சலித்துப் போடுகிறேன் என்பார்கள். சலித்தால் கட்டி போகும், இழந்த வலிமை திரும்பி வராது. மூட்டையில் அச்சிட்ட தேதியிலிருந்து 3 மாதம் தாண்டியிருந்தாலும் சோதனை செய்யாமல் கூரைக்குப் பயன்படுத்தக் கூடாது. இனிமேல் வாங்குவதை, அந்த வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். விலை ஏறிவிடும் என்ற பயத்தில் மொத்தமாக வாங்கி அடுக்கி மழையில் இழப்பது பலரும் செய்வது.

அப்புறம், போடும் நாள். இதுதான் உங்கள் வீட்டுச் சண்டையின் மையம் என்று நினைக்கிறேன். சண்டைக்குக் காரணம் உங்களில் ஒருவர் தைரியசாலி, இன்னொருவர் பயந்தவர் என்பதல்ல. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று இருவரும் முன்பே பேசி வைக்கவில்லை, அவ்வளவுதான். வானத்தைப் பார்த்து அந்த நேரத்தில் வாதாடினால் யாரும் ஜெயிக்க முடியாது. ஒரு விதியை எழுதி வையுங்கள். என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்: அடுத்த 3 நாள் முன்னறிவிப்பைப் பார்த்துத்தான் நாள் குறிப்பது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முன்னறிவிப்பைப் போக்கு தெரிந்துகொள்ள மட்டும் பார்ப்பது. முதல் நாள் மாலை பொறியாளரும் ஒப்பந்ததாரரும் நீங்களும் பேசி ஒரு முடிவு. போடும் நாள் விடியற்காலையில் ரேடார் படத்தைப் பார்த்துக் கடைசி முடிவு. ரேடார் அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நன்றாகவே கை கொடுக்கும். வேண்டாம் என்று மூவரில் ஒருவர் சொன்னாலும் அன்று வேண்டாம். அதற்குப் பிறகு மதியம் வெயில் சுள்ளென்று அடித்தாலும் யாரும் யாரையும் குத்திக்காட்டக் கூடாது. இந்தக் கடைசி வரியையும் எழுதியே வையுங்கள். அதற்குத்தான் தேவை அதிகம்.

போடுவது என்று முடிவானால் விடிந்ததும் தொடங்கிவிடுங்கள். தளம் முழுவதையும் மூடும் அளவு ஷீட் மேலேயே தயாராக இருக்க வேண்டும், "கடையில் இருக்கிறது, வாங்கிக்கலாம்" என்பது ஆகாது. ஷீட் புது கான்கிரீட்டின் மேல் ஒட்டாதபடி சட்டமோ கயிறோ கட்டித் தூக்கி நிறுத்த ஏற்பாடு வேண்டும். பாதியில் மழை பிடித்தால் எங்கே நிறுத்துவது என்பதைப் பொறியாளர் முதல் நாளே தளத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். நினைத்த இடத்தில் சரிவாக விட்டுவிட்டு ஓடினால் அந்த இடத்தில்தான் பின்னால் ஒழுகும். குறித்த இடத்தில் பலகையை நிறுத்தி, செங்குத்தான முகமாக முடிக்க வேண்டும். அடுத்த முறை தொடரும்போது அந்த முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, பிறகு போடுவார்கள்.

எதிர்பாராமல் மழை அடித்துவிட்டதா? மூடுங்கள், காத்திருங்கள். தேங்கிய தண்ணீரைப் பஞ்சாலோ, தளத்தின் மேல் மெதுவாக இழுக்கும் ரப்பர் குழாயாலோ ஓரத்துக்குத் தள்ளி எடுத்த பிறகுதான் மட்டப்பலகையும் கரணையும் தளத்தைத் தொட வேண்டும். தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்தால் மேல் அடுக்கு வீணாகும். தண்ணீரை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டைத் தூவுவது பரவலான பழக்கம், கண்ணெதிரே நடந்தால் தடுத்து நிறுத்துங்கள். அது மெல்லிய பலவீனமான தோலாகி, வெடித்து உரியும். மறுநாள் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். ஆழமாகக் கீறல் விழுந்தால், அல்லது ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால், பூசி மறைப்பதற்கு முன் பொறியாளர் பார்க்க வேண்டும். சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சேதம் என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மேல்தளப் பூச்சில் சரி செய்துவிடலாம். அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் வலிமைச் சோதனை செய்ய வழிகள் இருக்கின்றன. இடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை மிக அரிது, அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

மழை பெய்கிறதே, நீராற்ற (புது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்க) வேண்டாம் என்பார்கள். இரவு பெய்து, பகலில் காற்றும் வெயிலும் அடித்தால் நண்பகலுக்குள் தளம் காய்ந்திருக்கும். மழையைக் கணக்கில் சேர்க்காமல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 7 நாள், சாம்பலோ கசடோ சேர்த்த கலப்பு வகை சிமெண்ட் என்றால் 10 நாள், முடிந்தால் இரண்டு வாரம்.

இப்போது அந்தச் சென்ட்ரிங் பிரிக்கும் விஷயம். கூடாது. தளத்தின் அடி முட்டுகளை, சுவருக்குச் சுவர் இடைவெளி 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாளுக்குப் பிறகும், அதற்கு மேல் என்றால் 14 நாளுக்குப் பிறகும் எடுக்கலாம் என்பது சாதாரண சிமெண்டுக்கு வழக்கத்தில் உள்ள குறைந்தபட்ச அளவு. பீம் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை நல்ல வெப்பநிலையில், ஒழுங்காக நீராற்றிய கான்கிரீட்டுக்கு. மழைக்கால வானிலையில் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் சேர்க்கும், கலப்பு சிமெண்ட் இன்னும் மெதுவாக. ஆகவே இந்த எண்களோடு சில நாள் கூட்டத்தான் வேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது. கான்கிரீட்டுக்கு உங்கள் வங்கித் தவணை தெரியாது. சீக்கிரம் பிரிக்கலாம் என்று யார் சொன்னாலும், பொறியாளரின் கையெழுத்தோடு தேதியை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நாளைச் சேமிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. மழைக்கும் வெளிக்கும் சம்பந்தமில்லாத வேலைகளை இந்த நாட்களில் முடித்துவிடலாம். ஜன்னல், கதவு அளவுகளை நேரில் எடுத்து ஆர்டர் கொடுப்பது, ஓடு தேர்வு, குழாய் போகும் வழி, மின்சாரப் புள்ளிகள், சமையலறை மேடையின் உயரம் என்று நூறு முடிவுகள் பாக்கி இருக்கும். இவற்றில் பாதி, வேலை நடக்கும்போது "உடனே சொல்லுங்க" என்று கேட்டு, நீங்கள் இரண்டு நாள் யோசித்து, அந்த இரண்டு நாளும் ஆள் சும்மா இருந்து என்று போகும். இப்போது உட்கார்ந்து எழுதி வைத்தால் பின்னால் அத்தனையும் மிச்சம். அடுத்த கட்டத்துக்கான கம்பிகளைக் கூரைக்கு அடியில் வெட்டி வளைத்து வைக்கலாம். லாரி வரும் பாதையில் உடைகல்லைக் கொட்டி இறுக்கலாம். மனையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தேங்காமல் வெளியேற வழி செய்யலாம். இந்த இரண்டு காரியங்களுக்கும் ஆகும் செலவைப் பார்த்துப் பலர் தயங்குவார்கள். மழை நின்ற பிறகும் சேறு காயக் காத்திருக்கும் நாட்களைக் கணக்குப் போட்டால் இதுதான் மலிவு.

அவசரம் காட்டக் கூடாத இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. நனைந்த மண்ணை அடித்தளத்துக்குள் நிரப்பாதீர்கள். சேற்றை எவ்வளவு இடித்தாலும் இறுகாது, பின்னால் காயும்போது அமுங்கித் தரை ஓடு வெடிக்கும். ஈரம் தகுந்த அளவுக்கு வந்த பிறகு, 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி இடிக்க வேண்டும். இரண்டாவது பெயிண்ட். புதுப் பூச்சு காய ஏறக்குறைய 4 வாரம் வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் போதாது. சுவரில் ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி மூடி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. மேல்மாடிச் சுவர் கட்டும்போது ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சுவரின் தலையை மூடுங்கள். குறிப்பாக சிமெண்ட் கற்கள் ஊறிய நிலையில் கட்டினால், காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும்.

ஒப்பந்ததாரர் கேட்கும் பணத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். மழையால் வேலை நின்ற நாள், மழை நின்றும் ஆள் வராத நாள், மூடி வைக்காததால் வீணான பொருள். முதலாவதற்கு, பொதுவாக எழுதப்படும் ஒப்பந்தங்களில் காலக்கெடு நீட்டிக்கப்படும், ஆனால் யாரும் யாருக்கும் பணம் தர மாட்டார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. இரண்டாவது அவருடைய பொறுப்பு. மூன்றாவது, பொருள் யார் பொறுப்பில் இருந்ததோ அவருடையது. இதையெல்லாம் பேச வேண்டுமானால் குறிப்பு வேண்டும். இன்றையிலிருந்து ஒரு நோட்டில் தினமும் நாலு வரி எழுதுங்கள்: மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது, எந்த வேலை நின்றது, யார் வந்தார்கள், என்ன பொருள் இறங்கியது. கூடவே ஒரு புகைப்படம். சண்டை போடுவதற்காக அல்ல. நோட்டு இருக்கிறது என்று தெரிந்தாலே பல கணக்குகள் நேராகிவிடும். எழுத்து ஒப்பந்தமே இல்லை என்றால் இப்போதாவது, மீதி வேலைக்கு மட்டுமாவது எழுதிக்கொள்ளுங்கள்.

அதே சமயம் அவரிடம் கொஞ்சம் நியாயமும் காட்ட வேண்டும். தினக்கூலி ஆட்களுக்கு மழை நாள் என்பது பட்டினி நாள். அவர்கள் வேறு வேலைக்குப் போவது துரோகம் இல்லை. சென்ட்ரிங் கால்களைச் சரிசெய்வது, கம்பி கழுவுவது, பாதை போடுவது போன்ற வேலைகளை இந்த நாட்களில் கொடுத்து அதற்கான கூலியைத் தாமதமில்லாமல் கொடுத்தால், மழை விட்ட அன்று முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சும்மா இருந்ததற்குக் கூலி கொடுப்பதைவிட இது இருவருக்கும் நல்லது.

பணக் கவலைக்கு என்னிடம் மந்திரம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியை நாள்காட்டியைப் பார்த்துக் குறிக்காதீர்கள், வேலையைப் பார்த்துக் குறியுங்கள். கூரை போட்டு, ஜன்னல் கதவு மாட்டி, உள்பூச்சு காய்ந்த பிறகுதான் வீட்டு உரிமையாளரிடம் வாய் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிடம் தாமதத்தை முன்கூட்டியே சொல்லி, அடுத்த தவணைப் பணத்தை வேலை தொடங்கும்போது வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வாங்காத பணத்துக்கு வட்டி ஓடாதபடி பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கடும் வெயிலும் காற்றும் மழையைவிட நல்ல வானிலை என்று நினைத்துவிடாதீர்கள். போட்ட சில மணி நேரத்தில் மேற்பரப்பு ஈரம் இழுக்கப்பட்டுத் தளம் முழுக்க விரிசல் ஓடும். மாலையில் தொடங்கி இரவில் முடிப்பதும், உடனே ஈரச் சாக்கு மூடுவதும் அதற்கு வழி. உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள், புது கான்கிரீட் முதல் சில நாட்களில் உறையாமல் போர்த்திக் காக்க வேண்டும். ஒரு முறை உறைந்தால் பிறகு சூடு காட்டினாலும் முழு வலிமை வராது.

பாதுகாப்பு விஷயத்தில் என்னிடம் சமரசமே கிடையாது. இடி கேட்டால் மேலே இருப்பவர்கள் எல்லோரும் இறங்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் ஏற வேண்டும். மழைக்குப் பிறகு சாரத்தின் கட்டுகளைச் சோதிக்காமல் யாரும் கால் வைக்கக் கூடாது. தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட வயர் கிடந்தால் வேலையை நிறுத்துங்கள்.

கடைசியாக அந்தத் தொட்டிக் குழி. முதல் வேலையாகச் சுற்றி வேலி போடுங்கள், அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் பாதுகாப்புக்காக. தோண்டிய மண் ஓரத்திலேயே குவிந்திருந்தால் ஒரு மீட்டராவது தள்ளிப் போடச் சொல்லுங்கள், அந்த எடையே பக்கத்தைச் சரித்துவிடும். ஊறிய பக்கங்கள் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது, எனவே பொறியாளர் பார்க்கும் வரை யாரும் உள்ளே இறங்க வேண்டாம். தண்ணீரை இறைத்த பிறகு அடியில் இளகிய சேற்றை முழுக்க வழித்து எடுத்து, கெட்டி மண் வரை போய், கூடுதலாகத் தோண்டிய ஆழத்தை மண்ணால் நிரப்பாமல் கான்கிரீட்டாலேயே நிரப்ப வேண்டும். இறைத்த மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் ஊறி நின்றால் அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல, நிலத்தடி நீர் மேலே வந்திருக்கிறது. அப்படியானால் தொட்டி கட்டும் வேலையை மழைக்காலம் முடியும் வரை தள்ளி வையுங்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலியாக இருக்கும் தொட்டியை அந்த நீரே கீழிருந்து தூக்கிவிடும். பொறியாளரிடம் இதைக் குறிப்பிட்டு, தொட்டியின் எடை அந்த அழுத்தத்துக்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூரை வேலை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.